வீட்டு வலையின் தலைவாயில்

இக்காலத்தே திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கண்ணாடியிழை வழியாக இணையம் பல இல்லங்களிற் புகுந்துளது. விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று அஃது நின்றுவிடுமாயின், நம் மாணவர் "லைன் போயிற்று" என்று சொல்லி வாளாவிருத்தல் வழக்கம். லைன் போகாமலே இருத்தலுங் கூடும். கணினியின் அமைப்புப் பக்கத்தில் 'டிபால்ட் கேட்வே' என்னும் வரியிலே தவறான எண் நிற்பதும் ஒரு காரணமாகலாம். அதனைத் தலைவாயில் எனத் தமிழில் வழங்கி, அதன் இயல்பை ஈண்டு ஆராய்வோம். பூட்டுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் வாயிலைப் பற்றி எழுதுதல் மிகையாகாது.

1972-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தபால் குறியீட்டெண்ணை யாவரும் அறிவர். திண்டுக்கல் 624001, நத்தம் 624401, பழனி 624601. முதல் மூன்று இலக்கங்களும் ஒன்றாயிருத்தலின், இவை ஒரே தபால் வட்டாரத்தன என்பது பார்த்த அளவிலே விளங்கும். வீட்டு வலையிலும் அங்ஙனமே. கணினியின் விலாசம் 192.168.1.10 என்றும், அச்சுப்பொறியின் விலாசம் 192.168.1.20 என்றும் கொள்வோம். 'சப்நெட் மாஸ்க்' எனப்படும் 255.255.255.0, முதல் மூன்று பகுதிகளை மட்டும் ஒப்பிடுமாறு கட்டளையிடுகின்றது. அவை ஒத்திருப்பின் கணினி தானே நேரிற் கொண்டு கொடுக்கும். ஒவ்வாவிடின் தலைவாயிலிடம் ஒப்படைத்துவிடும். தெருமுனைத் தபாற்பெட்டியிற் கடிதம் இடுவோன், அது சென்னைக்குத் திருச்சி வழியாகப் போகுமோ கரூர் வழியாகப் போகுமோ என்று கவலுவதில்லையன்றோ? பெட்டி இருக்குமிடம் தெரிந்தாற் போதும்.

ஆதலின் தலைவாயிலும் வீட்டு வட்டாரத்துக்குள்ளேயே இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அது ரவுட்டரின் விலாசமாகிய 192.168.1.1 என்பதாகும். புதிய ரவுட்டர் 192.168.0.1 என்னும் விலாசத்தோடு வந்துவிடின், கையால் எண் எழுதப்பெற்ற கணினி, இல்லாத பழைய வாயிலையே தட்டிக்கொண்டிருக்கும். செல்பேசிகளோ 'டிஹெச்சிபி' முறையாற் புதிய எண்களைத் தாமே பெற்று இனிது இயங்கும்.

இதனினும் மயக்கந் தருவது இரண்டாம் பெட்டி. மாடியறைக்கு அலை எட்டவில்லையென்று, பழைய ரவுட்டரை அதன் 'லேன்' போர்ட் வழியே கேபிளால் இணைத்துவைப்பது சிக்கனந்தான். ஆயின் இரண்டு பெட்டிகளும் விலாசம் வழங்கத் தலைப்படின், சில கருவிகள் இரண்டாம் பெட்டியையே தலைவாயிலெனக் கொள்ளும். அதற்கோ வெளியுலக வழியில்லை. தந்தையின் செல்பேசியில் இணையம் உண்டு, மகளின் கணினியில் இல்லை என்னும் விந்தை இங்ஙனம் நிகழ்கின்றது. இரண்டாம் பெட்டியின் டிஹெச்சிபியை நிறுத்தி, முதற்பெட்டி பிறர்க்கு வழங்காத ஓர் எண்ணை, 192.168.1.2 போல்வதை, அதற்கு இடுக.

சோதனை எளிது. விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' எனத் தட்டின் தலைவாயிலின் எண் தோன்றும். அதனைப் 'பிங்' செய்க. மறுமொழி இல்லையேல் பெரும்பாலும் குற்றம் வீட்டுக்குள்ளேதான். வாயில் மறுமொழி தந்தும் கூகிளின் 8.8.8.8 மௌனஞ் சாதிப்பின், அவ்வாயில் முற்கூறிய இரண்டாம் பெட்டியோ என்று நோக்கிய பின்னரே இணைய நிறுவனத்தாரிடம் முறையிடுக. 8.8.8.8 பேசியும் தளங்கள் திறவாவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டிஎன்எஸ்' வரியைப் பார்த்தல் வேண்டும்.