மாலை கழற்றிய மறுநாளும்
குடிநோயிலிருந்து மீள்பவருக்குக் குடும்பம் எவ்வாறு துணை நிற்கலாம்?

குடியை விடவே மாட்டார் என்று வீட்டாரே நம்பிக்கை இழந்துவிட்ட ஒருவர், கார்த்திகை முதல் நாளில் ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாள் மண்டல விரதத்தை மதுவின்றிக் கடப்பதும், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புவதும், குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த தேனி மாவட்டத்து ஊர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இதனை மனவுறுதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் விரத காலத்தில் மாறுவது அவருடைய மனம் மட்டுமன்று. விடியற்காலைக் குளியலும் அந்திப் பூசையும் நாளின் ஒழுங்கையே மாற்றுகின்றன. உடன் குடித்தவர்கள் தாமாகவே விலகி நிற்கின்றனர். மனைவியும் பிள்ளைகளும்கூட அவரைச் ‘சாமி’ என்று அழைக்கின்றனர். ஒழுங்கும் சூழலும் மதிப்பும் ஒருசேரக் கிடைக்கும்வரை மதுவிலிருந்து விலகி நிற்க முடிகிறது என்பதும், அவை மூன்றும் ஒரே நாளில் நீங்கும்போது அந்த விலகல் குலைகிறது என்பதும், சிகிச்சையில் குடும்பத்தின் பங்கு எது என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றன.

நோய் என்பதன் பொருள்

குடிநோய் என்பது, உடலும் மூளையும் மதுவுக்குப் பழகி, குடிக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை ஒருவர் இழந்துவிடுவதும், கேடு விளையும் என்று தெரிந்தும் குடிப்பதைத் தொடர்வதுமாகிய நிலை. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் தொழிலாளி, உடல்வலிக்கு என்று தொடங்கும் ‘கட்டிங்’, காலையில் கைநடுக்கத்தை நிறுத்தவே தேவைப்படும் கட்டத்தை எட்டும்போது அது பழக்கமாக இருப்பதில்லை, நோயாகிவிடுகிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை அல்லது உதவி கிடைத்ததாகக் கூறுகிறது.

முதல் நான்கு நாட்கள்

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தும்போது தோன்றும் உடல், மனத் துன்பங்கள் விலகல் அறிகுறிகள் எனப்படும். கடைசியாகக் குடித்த பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிய, இடமும் நேரமும் மறந்துபோகும். இந்தக் கடைசி நிலையைப் பேய் பிடித்ததாகக் கருதிக் கோயிலுக்கு அழைத்துச் சென்று காலத்தை இழப்பதோ, வீட்டு அறையில் பூட்டி வைப்பதோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே மாலை அணிய விரும்பும் குடிநோயாளியை, விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுதான் பாதுகாப்பு. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளும், குடியால் உடலில் குறைந்துபோன பி1 வைட்டமினும் இந்நாட்களில் மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்படுகின்றன. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை இதற்கு அணுகலாம்.

சாம்பாரில் கலக்கும் மருந்து

‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்னும் விளம்பரங்களை நம்பி, சாம்பாரிலோ காப்பியிலோ பொடி கலந்து கொடுக்கும் குடும்பங்கள் பல. அப்பொடியில் குடிநோய் மருந்தே கலந்திருந்தால் ஆபத்து பெரிது. குடிநோய்க்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்றான டைசல்ஃபிராம், மது உடலில் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் மேலும் சிதையாதபடி தடுப்பதால், அதனை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் ஏற்பட்டு, இரத்த அழுத்தம் சரியக்கூடும். சில வேளைகளில் உயிரும் போகக்கூடும். நோயாளி அறிந்து, இசைந்து, பரிசோதனைக்குப் பின் உட்கொள்ள வேண்டிய இம்மருந்தை மறைவாகக் கொடுப்பது சிகிச்சையாகாது. உண்மை வெளிப்படும் நாளில், வீட்டுச் சோற்றின் மீதே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

வர மறுப்பவரை அழைத்துவருதல்

‘அவராக நினைத்தால்தான் முடியும்’ என்ற கூற்று பாதி உண்மையே. வீட்டாருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் வாயிலாக நோயாளியைச் சிகிச்சைக்கு வரவழைக்கும் முறை ஒன்றை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். 1999-ல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு மறுத்துவந்தவரை அழைத்துவந்தனர். உறவினர் அனைவரும் ஒன்றுகூடி நோயாளியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் இது 30 விழுக்காடாகவே இருந்தது. மேயர்ஸ் முறையின் சாரம் எளியது: குடித்திருக்கும் இரவில் வாதிடாமல், தெளிந்திருக்கும் காலையில் பேச வேண்டும், குடிக்காத நாளில் அவருடன் அமர்ந்து உண்ண வேண்டும், கடைக் கடனை அடைப்பதும், வேலைக்குப் போகாததற்குக் ‘காய்ச்சல்’ என்று கங்காணியிடம் பொய் சொல்வதும் குடியின் விளைவை அவர் கண்ணிலிருந்து மறைப்பதால், அவற்றை நிறுத்த வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, குடியால் விளையும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. இசைவில்லாத ஒருவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு அது கடுமையான நிபந்தனைகளை விதிப்பதோடு, சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. எனவே, ஆளனுப்பி வண்டியில் தூக்கிச் செல்வதாகக் கூறும் மையத்தை நாடுமுன், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் உள்ளாரா, வீட்டார் சென்று பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டறிவது குடும்பத்தின் கடமை.

வீடு திரும்பிய பிறகு

நஞ்சு நீங்கி வீடு திரும்புவது சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே. முதல் சில மாதங்களில் பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிக்கும் ஏக்கத்தைத் தூண்டும் என்பதால், வேலை முடிந்து வருபவருக்கு உடனே உணவு இருப்பதும்கூட மருத்துவமே. கூலி கையில் வரும் நாளும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா போன்ற கூட்ட நாட்களும் இடர் மிகுந்தவை; அந்நாட்களை எங்கே, யாருடன் கழிப்பது என்று அவரையும் சேர்த்துக்கொண்டு முன்கூட்டியே முடிவு செய்யலாம். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால், அதைத் துரோகமாகக் கருதி ஊர்கூட்டிப் பேசாமல், நோய் திரும்பியதன் அறிகுறியாகக் கொண்டு அதே வாரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

துணை நிற்பவருக்கும் துணை

கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, நோயாளியின் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனைப் பயிற்சி அளிப்பதைத் தன் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டுள்ளது. குடும்பமும் நோயால் காயப்பட்டிருக்கிறது என்ற அறிவே அதற்கு அடிப்படை. ஆதலால் துணை நிற்பது என்பது அடியைப் பொறுத்துக்கொள்வது ஆகாது. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் பெண்ணும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண் அதற்கென்றே உள்ளது.

விரத நாட்களில் ஒருவரைச் ‘சாமி’ என்று அழைக்க ஊரால் முடிகிறது. மாலை கழற்றிய மறுநாளும் அதே மதிப்போடு பேசவும், உடன் குடிக்க அழைக்காதிருக்கவும் அதே ஊரால் முடியும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்கள் உள்ளன. நோயாளி இசையும்வரை காத்திராமல், வீட்டில் உள்ள எவரும் இன்றே அழைக்கலாம்.