வலி மருந்தே வலியானால்

தலைவலி வந்தால் கடைக்குச் சென்று ஒரு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். திருப்பதி விடுதிகளில் தேர்வுக்குக் கண்விழிப்போரிடமும், சித்தூர்ச் சாலையில் இரவெல்லாம் வண்டியோட்டுவோரிடமும் அந்த மாத்திரைப் பட்டையைக் காணலாம். மாதத்திற்கு இரண்டொரு முறை என்றால் கவலைப்பட ஏதுமில்லை. அதுவே அன்றாட வழக்கமானால், வலிக்கு உண்ட மருந்தே வலியை வளர்க்கத் தொடங்கிவிடும். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பர். இங்கோ தலைவலி போய்த் தலைவலியே வருகிறது!

இது புதிதாகக் கண்ட செய்தியன்று. ஏர்கொட்டமின் என்னும் மருந்தை அளவுமீறி உண்டோர், அதை நிறுத்தியதும் கடுந்தலைவலிக்கு ஆளாவதை 1951-இலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர் இருவர் எழுதினர். மருத்துவ உலகம் இன்று இதற்கு ஒரு கணக்கே வகுத்திருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி. மூன்று மாதங்களுக்கு மேலாக மருந்துப் பழக்கம். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் மருந்தையே ஐயுற வேண்டும். பாரசிட்டமால் போன்ற எளிய மருந்துக்கு மாதம் 15 நாள் எல்லை. அபினி இனத்து மருந்துகளுக்கோ 10 நாளே எல்லை. எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்குப் பெரிது.

அபினி இனமா? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அதிலிருந்து கிடைப்பவை மார்பீனும் கோடீனும். சில இருமல் மருந்துகளில் கலந்துள்ள கோடீன், உடலுக்குள் சென்றபின் ஈரலில் ஓரளவு மார்பீனாகவே மாறுகிறது. டிராமடால் செடியிலிருந்து வந்ததன்று, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆயினும் வேலை செய்வது அதே வழியில்தான். 2021-இல் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிப் பக்கத்தில் உரிமமின்றிப் பயிரிட்ட கசகசாச் செடிகளை அதிகாரிகள் அழித்தனர். அத்தகைய செய்தி நாளிதழில் இடம்பெறுகிறது. வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரைப் பட்டையை யார் செய்தியாக்குவர்? 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் இவ்வின மருந்துகளைப் பயன்படுத்துவோர்.

இம்மருந்து மூளையில் வலியை அடக்கும் வாயில்களில் சென்று அமர்கிறது. நாள்தோறும் வந்து அமர்ந்தால் அவ்வாயில்கள் மரத்துப்போகின்றன. உடலின் இயல்பான வலியடக்கும் ஆற்றலும் தளர்கிறது. முகத்துக்கும் தலைக்கும் உணர்வூட்டும் முக்கிளை நரம்பின் பாதையோ முன்னிலும் கூருணர்வு பெற்றுச் சிறு தூண்டலுக்கும் துடிக்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் வலி எழ, மறுபடியும் மருந்து! இதில் வியப்பொன்று உண்டு. ஒற்றைத் தலைவலி இயல்பில்லாத ஒருவர் முதுகுவலிக்காக இதே மருந்தை நாளும் உண்டாலும் அவருக்குப் பெரும்பாலும் இத்தலைவலி வருவதில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர் மூட்டுவலிக்காக உண்டாலும் வந்துவிடுகிறது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2014 முதல் கோடீன், டிராமடால் விற்பனையை மருந்துக்கடைக்காரர் தனி ஏட்டில் பதிந்து மூன்றாண்டு காக்க வேண்டும். 2018-இல் டிராமடால் போதைப்பொருள் சட்டத்திற்குள்ளும் கொண்டுவரப்பட்டது. ஆனால் தலைவலிக்காரரின் நாட்கணக்கை அந்த ஏடு காட்டுமா? அதை அவரேதான் குறித்துவைக்க வேண்டும், இருமல் மருந்தையும் சேர்த்து.

பழக்கம் முற்றியவர் அபினி இனத்து மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. வயிற்றுப்போக்கு, நடுக்கம், உறக்கமின்மை எல்லாம் ஒருங்கே தாக்கும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்து, ஒற்றைத் தலைவலியை வருமுன் தடுக்கும் வேறு மருந்தைத் தொடங்குவார். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் துறை உண்டு. சித்தூரார்க்கு வேலூர் அண்மையிலேயே இருக்கிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949-இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். திடீரென இடிவிழுந்தாற்போல் எழும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுக்கு இக்கணக்கெல்லாம் பொருந்தாது. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மருந்தைக் குறைக்கும்போது முதற்சில நாட்கள் வலி மிகும். அபினி இனமானால் வாரக்கணக்கிலும் நீளலாம். மீண்டும் பழக்கத்தில் விழுவோரும் இவ்வினத்தில் மிகுதி. தாங்கி நின்றவர் பலருக்கு ஓரிரு மாதங்களில் அன்றாட வலி விலகுகிறது. பழைய ஒற்றைத் தலைவலி அடியோடு போய்விடுவதில்லை; எப்போதோ ஒருநாள் வந்துபோகும் தன் பழைய வழக்கத்துக்கு அது திரும்புகிறது.