ஆரூர் தந்த மூவர்

பங்குனி பிறந்துவிட்டால் சங்கீத ரஸிகர்களுக்கு ஜயந்திக் காலம் பிறந்துவிட்டது என்று பொருள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் அவதரித்தது பங்குனி மாதத்துக் கிருத்திகையில். சியாமா சாஸ்திரிகள் சித்திரைக் கிருத்திகையில். ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் சித்திரைப் பூசத்தில். 1762-ல் சாஸ்திரிகள், 1767-ல் ஸ்வாமிகள், 1775-76-ஆம் ஆண்டாகிய மன்மத வருஷத்தில் தீக்ஷிதர் என, பதினான்கு ஆண்டுகளுக்குள் இம்மூவரையும் ஈன்றெடுத்த பெருமை திருவாரூர் என்னும் ஒரே ஊருக்கு உரியது. அவ்வூரில் நடைபெறும் மும்மூர்த்திகள் ஜயந்தி விழாவும், பிற ஊர்ச் சபைகள் நடத்தும் ஜயந்திக் கச்சேரிகளும் இதை நமக்கு நினைவூட்டுகின்றன.

அம்மூவர் வாழ்ந்த காலம் நாட்டுக்கு நல்ல காலம் அன்று. 1799-ல் தஞ்சை ராஜ்யத்தின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்குக் கோட்டையும் அரண்மனையும் மிஞ்சின. அந்நாளில்தான் திருவையாற்றில் ஸ்வாமிகளும், தஞ்சையில் பங்காரு காமாக்ஷியின் ஸந்நிதியில் சாஸ்திரிகளும், தலந்தோறும் யாத்திரை செய்து தீக்ஷிதரும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்சியை இழந்த நாடு தன் இசையை இழக்கவில்லை.

ஆனால் அந்த இசை தானாக நம்மிடம் வந்து சேர்ந்துவிடவில்லை. சிஷ்யர்கள் நெட்டுருச் செய்து, தம் சிஷ்யர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். தீக்ஷிதர் வம்சத்தில் வந்த சுப்பராம தீக்ஷிதர், முதுமையிலும் சலியாமல் உழைத்து, ஸ்வர தாளக் குறிப்புகளுடன் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'யை 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளிக்கொணர்ந்தார். அந்நூல் இல்லாவிடில் தீக்ஷிதர் கிருதிகளில் எத்தனை இன்று நமக்குக் கிடைத்திருக்கும்? சாஸ்திரிகளின் உருப்படிகளிலோ சில பத்துகளே நமக்கு எஞ்சின. பாடுவார் இல்லாத பாட்டு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஜயந்திக் கச்சேரியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. திருவையாற்று ஆராதனை ஸ்வாமிகள் ஸித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியில் நடப்பது. அங்கே வித்வான்கள் கூடி, யாவரும் அறிந்த பஞ்சரத்தினத்தை ஒரே குரலில் பாடுவது பொருத்தமே. பிறந்தநாளுக்கோ வேறு முறை வேண்டும். வருஷம் முழுவதும் மேடையில் கேட்கும் அதே பத்துப் பன்னிரண்டு கிருதிகளை ஜயந்தியன்றும் பாடி மங்களம் சொல்லிவிட்டால், அன்றைய தினத்துக்கு என்ன விசேஷம்? ஸ்வாமிகளின் கிருதிகளில் சுமார் எழுநூறு நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மேடை ஏறாதவை எத்தனையோ!

ஆகவே சபைகளை நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். ஜயந்திக் கச்சேரியில் அபூர்வ உருப்படிகள் இரண்டையேனும் பாடவேண்டுமென்று வித்வானை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடுவதற்கு முன் ராகத்தையும் பொருளையும் இரண்டு வாக்கியங்களில் தமிழில் சொல்லச் செய்யுங்கள். தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும் அறியாதவர்களும் பாவத்தோடு ஒன்றிக் கேட்பார்கள்.

ரஸிகர்களுக்கும் இதில் கடமை உண்டு. தெரிந்த பாட்டுக்கு மட்டும் தலையசைத்து, தெரியாத பாட்டு வந்தால் எழுந்துபோகும் வழக்கத்தை அன்றாவது விட்டுவிட வேண்டும். வீட்டில் பாட்டுப் பயிலும் குழந்தைகள் ஆண்டுக்கொரு புதிய கிருதியைப் பாடம் செய்து, ஜயந்தியன்று விளக்கேற்றிப் பாடட்டும். மூவருக்கும் நாம் செலுத்தும் காணிக்கைகளில் இதனினும் சிறந்தது இல்லை.