புதிய மின் விதி தானாகவே சட்டமாக வேண்டுமா?

மின்சாரத்துக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது. வெறும் வயரில் கை வைத்தால் யாரையும் விடாது. அதனால்தான் எல்லா நாடுகளிலும் வயரிங் வேலைக்கு விதிகள் வைத்திருக்கிறார்கள். அந்த விதிகள் மாறும்போது மாநிலங்கள் அப்படியே ஏற்க வேண்டுமா, அல்லது அலசிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டுமா? அமெரிக்காவில் நடக்கும் இந்த வாதம், மின்னியல் படிக்கும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு முதன்முதலில் 1897-ல் வெளிவந்தது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். வெளியிடுவது அரசாங்கம் அல்ல, தேசியத் தீத்தடுப்புச் சங்கம் என்ற தனியார் அமைப்பு. ஆகவே அச்சில் வந்ததாலேயே அது சட்டமாகிவிடாது. மாநிலம் ஏற்றால்தான் சட்டம். சில மாநிலங்கள் உடனே ஏற்கின்றன. சில பழைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் நிற்கின்றன. அரிசோனாவில் அந்தந்த ஊர் நிர்வாகமே முடிவு செய்கிறது.

தாமதித்தால் என்ன நஷ்டம்? ஜி.எப்.சி.ஐ. என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சுமார் 5 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். ஏனென்றால் அந்தக் குறைந்த கரண்ட் ஒரு மனிதர் உடம்பு வழியாகப் பூமிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நம்ம ஊர் ஆர்.சி.சி.பி.க்கும் இதே தத்துவம்தான். வீட்டுக்கு வெளியே உள்ள பிளக்குகளுக்கு 1971 பதிப்பிலும், குளியலறைக்கு 1975-லும், சமையலறை சிங்க் பக்கத்துக்கு 1987-லும் இதைச் சேர்த்தார்கள். புதிய விதி பெரும்பாலும் புதிய வேலைகளுக்குத்தான். எனவே தாமதித்த காலத்தில் கட்டிய வீடு, பாதுகாப்பு இல்லாமலே முப்பது நாற்பது வருடம் நிற்கும்.

அப்படியென்றால் தானாகவே ஏற்றுவிடலாமே? அதிலும் சிக்கல் உண்டு. இனிமேல் வரப்போகும் பதிப்புகளை இப்போதே சட்டமாக்குவது, சட்டசபையின் அதிகாரத்தைத் தனியாரிடம் கொடுப்பதாகும் என்று சில மாநில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வீடு கட்டும் செலவு கூடும் என்பது கட்டுமானக்காரர்களின் வாதம். விதியே நடைமுறையில் இடறுவதும் உண்டு. 2020 பதிப்பு, வெளியில் வைக்கும் ஏ.சி. யூனிட்டுக்கும் ஜி.எப்.சி.ஐ. வேண்டும் என்றது. பழுதே இல்லாமல் டிரிப் ஆகிறது என்று புகார்கள் வந்தன. கொளுத்தும் வெயிலில் ஏ.சி. நின்றால் அதுவும் உயிருக்கு ஆபத்துதானே? டெக்சாஸ் மாநிலம் 2021-ல் அந்த ஒரு விதியை மட்டும் தள்ளிவைத்தது.

டெக்சாஸ் செய்ததிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து. புதிய பதிப்பைப் பரிசீலிக்க ஆறு மாதம் கெடு வைக்கலாம். எந்த விதி வேண்டாமோ அதற்குக் காரணம் எழுதி நிறுத்தட்டும். மற்றவை கெடு முடிந்ததும் அமலுக்கு வரட்டும். இப்போது பாதுகாப்பு வேண்டும் என்பவர்தான் போராட வேண்டியிருக்கிறது. இனி வேண்டாம் என்பவர் காரணம் சொல்லட்டும்.

நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் நாடு முழுமைக்கும் பாதுகாப்பு விதிகளை வகுக்கிறது. 1956-ஆம் வருட விதிகள், இடையிடையே திருத்தங்களோடு, 2010 வரை நீடித்தன. பிறகு 2023-ல் மறுபடியும் புதிய விதிகள் வந்தன. ஆனால் விதி தாளில் மாறினால் போதாது, ஸ்விட்ச் போர்டிலும் மாற வேண்டும். அந்த ஸ்குரூடிரைவர் நாளை நம் கையில்தான் இருக்கப் போகிறது, நண்பர்களே!