வெந்நீரும் பச்சைத் தண்ணீரும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் ஒரு சுற்றுலாத் தலம். எங்கள் மாணவர்களுக்கு அது பக்கத்து ஆறு. சிலருடைய அப்பாக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். சிலர் அருவிக்கு வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறார்கள். ஆகவே குளியலைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வகுப்பு களைகட்டிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு குளியல் பக்கம் திரும்பியது. "நான் வெந்நீரைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. பச்சைத் தண்ணீர்தான் நரம்புக்கு நல்லது" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அது பாடநூலில் இல்லை. எங்கேயோ கேட்டது, எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்த வகுப்பு மாணவன் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தான். ஒருவர் முகத்தில் தெளிக்கத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். இன்னொருவர் கையில் திணிக்கச் சாவிக்கொத்தை எடுத்தார். எனக்கும் கை கால் ஓடவில்லை. இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. அவனுடைய அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது.

"சனிக்கெழம எண்ண தேச்சு வெந்நி ஊத்தும்போதுதான் சார் அவனுக்கு வரும். ஆஸ்பத்திரியில மாத்திர குடுத்தாங்க. ஒரு மண்டலம் அருவியில தல முழுக வெச்சா சரியாயிடும், மாத்திர வேணாம்னு ஒருத்தர் சொன்னாரு. நீங்களும் கிளாஸ்ல அதேதான் சொன்னீங்கன்னு பையன் சொன்னான். அதான் நிறுத்திட்டோம்."

எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னது ஒரு வாக்கியம். அது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மருந்துச் சீட்டாகிவிட்டது. அன்று அவர்களோடு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

அம்மா கவனித்தது சரி

அந்த அம்மா கவனித்ததை மருத்துவர் மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. "எவ்வளவு சூடாக ஊற்றுவீர்கள்? தலையிலா, உடம்பிலா?" என்று விரிவாகக் கேட்டார். தலையில் வெந்நீர் ஊற்றும்போது வலிப்பு வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. இதை வெந்நீர் வலிப்பு என்கிறார்கள். உலகில் இது அதிகம் பதிவாகியுள்ள இடங்களில் ஒன்று நம் பக்கத்து மாநிலமான கர்நாடகம். பெங்களூரு மருத்துவர்கள் 1960-களிலிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். 1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை 279 நோயாளிகளை விவரிக்கிறது. கொதிக்கக் கொதிக்க விளாவிய நீரைச் செம்பு செம்பாக, இடைவிடாமல் தலையில் ஊற்றும் வழக்கம் இதைத் தூண்டுகிறது. நீரின் சூட்டைக் குறைப்பது, தலையில் நேராக ஊற்றாமல் இருப்பது ஆகியவை மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரைகள்.

அப்படியானால் பச்சைத் தண்ணீர் மருந்துதானே? இல்லை. வெந்நீரைத் தவிர்த்தால் ஒரு தூண்டுதல் குறைகிறது. வலிப்பு வரும் தன்மை மூளையில் அப்படியே இருக்கிறது. இந்த நோயுள்ள சிலருக்குப் பின்னாளில் வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வருகிறது. எங்கள் மாணவன் வழிபாட்டுக் கூட்டத்தில் விழுந்தபோது பக்கத்தில் வெந்நீர் எதுவும் இல்லை. வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்புவதோடு, நிற்காமல் தொடரும் ஆபத்தும் உண்டு. அது அருவிக்கரையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வலிப்பு உள்ளவர்களுக்கு ஆறும் கிணறும் குளமும்தான் பெரிய ஆபத்து.

குளிர்ந்த நீர் உடலில் என்ன செய்கிறது?

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் 24 டிகிரி அறையில் சுகமாக இருக்கும் நமக்கு 24 டிகிரி தண்ணீர் சில்லென்று இருக்கிறது. குளிர்நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு திடீரென இழுக்கிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. குளித்து முடித்ததும் வரும் புத்துணர்ச்சி உண்மையானது. ஆனால் அந்த முதல் மூச்சிழுப்பு நீருக்கடியில் நேர்ந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். இதய நோயாளிகளுக்கும் இந்தத் திடீர் மாற்றம் நல்லதல்ல.

நன்மைகளைப் பற்றியும் ஆய்வுகள் உள்ளன. நெதர்லாந்தில் 3,018 பேர் பங்கேற்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடி குளிர்நீர் விட்டுக்கொண்டவர்கள் உடல்நலமின்மைக்காக எடுத்த விடுப்பு 29 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்றிருந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி குளிர்நீரில் இறங்குவதால் ஓரளவு குறைவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றில் பெரும்பாலும் பயன்படுத்துவது 10 முதல் 15 டிகிரி நீர். ஒரு மார்கழிக் காலையில் ஆய்வகத் தெர்மாமீட்டரோடு போய் ஆற்று நீரை அளந்தேன். 23 டிகிரி காட்டியது. அவர்களுடைய 'குளிர்' வேறு, நம்முடைய 'குளிர்' வேறு. எதுவாக இருந்தாலும் குளிர்நீர் வலிப்பைக் குணப்படுத்தும் என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

காந்தியடிகளின் நீர் சிகிச்சை

நீர் சிகிச்சை நமக்குப் புதியதல்ல. ஜெர்மனியின் லூயி கூனே எழுதிய முறைப்படி காந்தியடிகள் இடுப்புக் குளியல் செய்துவந்தார். பம்பாயில் பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தபோது நீர் சிகிச்சையையே நம்பினார். அப்போதும் ஒரு மருத்துவரை அழைத்து, மகனின் நாடியையும் இதயத்தையும் சோதிக்கச் சொன்னார். அன்று டைபாய்டைக் கொல்லும் மருந்தே கிடையாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. குளோராம்பெனிகால் பயன்பாட்டுக்கு வந்தது 1948-ல்தான். இன்று மருந்து இருக்கும்போது அந்தக் கதையை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்வது முறையாகாது.

இயற்கை மருத்துவத்துக்கு இன்று ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும் இயங்குகிறது. முறையாகப் படித்த மருத்துவர் வேறு, "மாத்திரையைத் தூக்கிப்போடு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர் வேறு. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது களைப்பைப் போக்கும், மனதை இலேசாக்கும். தீர்த்தமலைக்குப் போய்த் தீர்த்தமாடுவது நம்பிக்கை சார்ந்தது. இரண்டையும் நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. அவை மருந்தின் இடத்தைப் பிடிக்கும்போதுதான் நாம் பேச வேண்டும்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஓர் எளிய செயல்பாடு. மூன்று பாத்திரங்களில் குளிர்நீர், சாதாரண நீர், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் வையுங்கள். ஒரு கையைக் குளிர்நீரிலும் மறுகையை வெதுவெதுப்பான நீரிலும் ஒரு நிமிடம் வைத்த பிறகு, இரண்டையும் சாதாரண நீரில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றும். 'எனக்கு அப்படித்தான் இருந்தது' என்பதற்கும் 'அளந்து பார்த்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது, எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்கலாம். இது சுகத்துக்கா, நோய்க்கா? ஏற்கெனவே எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்கிறதா? பலிக்காவிட்டால் இழப்பது என்ன? இரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

மூன்றாவது, வலிப்பு முதலுதவி ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக எதையாவது வையுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். இரும்பும் சாவியும் எந்தப் பயனும் தராது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, நீரில் விழுந்திருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

நான்காவது, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இத்தகைய மாணவர்களைப் பற்றித் தனியே சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் வரை முறையான சிகிச்சையால் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தச் செய்தி பெற்றோருக்குப் போய்ச் சேர ஆசிரியரைவிட நல்ல வழி இல்லை.

எங்கள் மாணவன் மறுபடி மாத்திரை எடுக்கத் தொடங்கினான். சனிக்கிழமைக் குளியல் நிற்கவில்லை. வெதுவெதுப்பான நீர் உடம்புக்கு, ஈரத்துணி தலைக்கு என்று அம்மா மாற்றிக்கொண்டார். அவன் தனியாக ஆற்றில் இறங்குவதில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அதன்பின் ஒருமுறைகூடப் பள்ளியில் விழவில்லை.

நான் இன்றும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். மாணவர்கள் காரணம் கேட்டால், "எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொல்கிறேன்.