ஹான்லே வானில் ஒரு செம்மை

துருவ ஒளியைப் பச்சைத் திரைச்சீலைகளாகவே படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு, 2024 மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 33 பாகை வட அட்சரேகையில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் பதிவான மங்கலான செம்மையும் அதன் உறவே என்பது வியப்பளிக்கலாம். சூரியனின் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றிலிருந்து அடுத்தடுத்துப் புறப்பட்ட பிளாஸ்மாத் திரள்கள், அதாவது மின்னூட்டத் துகள்களும் அவற்றோடு பிணைந்த காந்தப்புலமும், பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கி, 2003-க்குப் பிந்திய மிகக் கடுமையான புவிக்காந்தப் புயலை எழுப்பியிருந்தன.

செம்மையைத் தருவது ஆக்சிஜன் அணு. ஆற்றல் பெற்ற அணு அதனை 557.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியாக உமிழ ஒரு நொடிகூட ஆவதில்லை. 630 நானோமீட்டர் சிவப்பை உமிழவோ ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் வேண்டும். காற்று அடர்ந்த கீழடுக்குகளில் அண்டை மூலக்கூறுகள் அத்தனை நேரம் அணுவைச் சும்மா விடுவதில்லை. மோதி ஆற்றலைப் பறித்துவிடுகின்றன. ஆகவே சுமார் 200 கி.மீ.க்கு மேல், காற்று மிக மெலிந்த இடத்தில்தான் சிவப்பு நிலைக்கிறது. 100 கி.மீ. உயரத்துப் பச்சை, சுமார் 1,100 கி.மீ.க்கு அப்பாலிருப்பவருக்குத் தொடுவானின் கீழே மறைந்துவிட, 400 கி.மீ. உயரத்துச் சிவப்போ 2,200 கி.மீ. தொலைவுவரை எட்டிப்பார்க்கும்.

புயற்காலச் செம்மை எல்லாமே இவ்வாறு தொலைவிலிருந்து தெரிவதன்று. பூமியைச் சுற்றிப் புயலின்போது வலுக்கும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் காந்தப்புலக் கோடுகள் வழியே கீழிறங்கி அயனிமண்டல எலக்ட்ரான்களைச் சூடாக்கும்போது, சிவப்புக்குப் போதுமானதும் பச்சைக்குப் போதாததுமான ஆற்றல் ஆக்சிஜனுக்குக் கிடைப்பதால், இடை அட்சரேகைகளில் அசைவின்றி நிற்கும் செவ்வளைவு தோன்றும். 1956-இல் பிரான்சில் முதன்முதலாக அறியப்பட்ட இவ்வளைவுதான் ஹான்லேயிலும் தெரிந்தது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இருட்டில் சிவப்பை உணரும் திறன் மனிதக் கண்ணுக்குக் குறைவாதலால், இத்தகைய வளைவுகள் பெரும்பாலும் கருவிகளுக்கே புலப்படுகின்றன. கேமரா காட்டும் அடர்சிவப்பைக் கண்ணாலும் காணலாம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறவே நேரும். 1770 செப்டம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரத்தார் வெறுங்கண்ணால் கண்டு ஓவியமாகவும் தீட்டிவைத்த செவ்வொளிக்கு வரலாற்றின் மிகப் பெரிய புயல்களுள் ஒன்று தேவைப்பட்டது.