டி.சி.யும் நூறு கஜமும்

பத்தாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்று நம்மோடு மெக்கானிக்கலில் இருக்க வேண்டியவன். பள்ளிக் கழிவறைக்குப் பின்னால் பீடியோடு பிடிபட்டான். மறுநாளே டி.சி. கையில். இப்போ ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறான்.

அவன் அம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றுபவர். முதல் பீடியை அவன் எந்தக் கடையிலும் வாங்கல. அம்மாவின் முறத்திலிருந்துதான் எடுத்தான். அங்கேயும் குடியாத்தத்திலும் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவதே அந்த முறத்தை நம்பித்தான்.

பிடித்தவனுக்கு டி.சி. என்பது பள்ளி விதி. சட்டம் என்ன சொல்லுதுன்னு புரட்டிப் பார்த்தேன். அது முதலில் பிடிப்பது பையனை இல்லை, அவன் கையில் கொடுத்தவனை!

2003 புகையிலைச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. காம்பவுண்டின் வெளி எல்லையிலிருந்து அளக்கணும். அதாவது 91.44 மீட்டர். சிவில் பசங்க 30 மீட்டர் டேப்பை மூணு தடவை போட்டு ஒன்றரை மீட்டர் நகர்ந்தால் தெரிந்துவிடும், எத்தனை பெட்டிக்கடை உள்ளே வருதுன்னு. அபராதம் 200 ரூபாய் வரைதான். ஒரு நாள் வியாபாரத்தில் எடுத்துடுவாங்க.

ஆனால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு வேறு மாதிரி. டாக்டர் சொல்லாமல் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மது, புகையிலை, போதைப்பொருள் எதைக் கொடுத்தாலும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்கணும்னு இல்லை, கொடுத்தாலே குற்றம். பத்தாவது முடித்து வரும் நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க பலர் இந்தச் சட்டப்படி குழந்தைங்கதான்! "ஒரு இழுப்பு இழுடா" என்று நீட்டும் சீனியர் அண்ணன்மார் கவனிக்க.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது முடியும் வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. என் நண்பன் இரண்டு வருஷம் தாமதமாக மாட்டினான், அவ்வளவுதான்.

கஞ்சா பிடிப்பது 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அதிலும் 64-ஏ பிரிவு இருக்கு: அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுசா எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிதளவு வைத்திருந்ததற்கும் வழக்கு இல்லை. ஜெயிலுக்கு அனுப்பும் சட்டமே ஆஸ்பத்திரிக்கு வழி விடுது. பள்ளி விதிக்கு மட்டும் டி.சி.யைத் தவிர வேறு தெரியாதா? (கேட்டுப் பேச 14446 என்ற இலவச எண் உண்டு.)

நம்ம ஊர் சங்கதி இன்னொண்ணு. ஷூ ஒட்டும் சொல்யூஷன். அதில் டொலுவின் மாதிரி கரைப்பான்கள் இருக்கும். மோந்தால் போதை, முதல் தடவையே இதயம் நின்று போனவர்களும் உண்டு. போதைப்பொருள் பட்டியலில் அது கிடையாது. சிகரெட், கஞ்சா என்று மட்டும் எழுதும் பள்ளி விதியிலும் வராது.

என் நண்பன் இப்போ நாள் முழுக்க அந்த டப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கான். பீடியும் விடல.